வகுப்பில் இருப்பதும் பாடத்தில் இருப்பதும்

முதல் வகுப்பின் ஆண்டு முடியும் தறுவாய். ஆசிரியர் பாடலின் வரியைச் சொல்ல, குழந்தைகள் புத்தகத்தில் விரல் வைத்தபடி உரத்த குரலில் திருப்பிச் சொல்கிறார்கள். மூன்றாம் வரிசையில் இருக்கும் சிறுவனும் தடுமாறாமல் சொல்கிறான். அவன் விரலும் வரியின் மீது நகர்கிறது. ஆசிரியர் அருகே சென்று, பாடலின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் காட்டி, "இது என்ன சொல், கண்ணா?" என்று கேட்கிறார். சிறுவன் உதடுகளை அசைக்கிறான். பாடலை முதல் வரியிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தை எட்டிவிட்டதாகத் தோன்றும்போது ஒரு சொல்லைக் கூறுகிறான். அது சுட்டிய சொல்லுக்கு அடுத்த சொல். அவனுக்குப் பாடல் முழுவதும் மனப்பாடம். பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை அவன் பயன்படுத்தவே இல்லை. ஓராண்டுக் காலம் அவன் வகுப்பில் இருந்திருக்கிறான்; வாசிப்புப் பாடத்தில் இருந்ததில்லை.

உள்ளடக்கிய எழுத்தறிவுக் கற்பித்தல் என்று கல்வியாளர்கள் குறிப்பிடுவது இந்த இடைவெளியை மூடும் பணியைத்தான். உள்ளடக்கிய கல்வி என்றதும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பது மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. சேர்க்கை இன்றியமையாத முதற்படி. 1994 ஜூன் மாதம் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி ஏற்றுக்கொண்ட பிரகடனம், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்றதோடு நிற்காமல், குழந்தையின் தேவைக்கேற்பப் பள்ளி தன் கற்பித்தலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தன் 24ஆம் பிரிவில் இதைச் சட்டக் கடமையாக்கியது. ஆயினும் ஒரு குழந்தை பாடத்திற்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை நாள்தோறும் தீர்மானிப்பது, கரும்பலகைக்கு முன்னே நடக்கும் அந்த 40 நிமிடங்கள்தாம். வெளியே நிற்கும் குழந்தைகளில் மாற்றுத்திறனாளிகள் மட்டுமல்லாமல், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள், அடிக்கடி ஊர் மாறுபவர்கள், வீட்டில் அச்சிட்ட காகிதத்தையே பார்த்திராதவர்கள், பேசக் கூசுபவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள்.

மற்றப் பாடங்களைவிட எழுத்தறிவில் இது கூடுதல் அவசரம் பெறுவதற்குக் காரணம் உண்டு. நன்றாக வாசிக்கும் குழந்தை நிறைய வாசிக்கிறது; நிறைய வாசிப்பதால் சொல்வளம் பெருகுகிறது; சொல்வளம் பெருகுவதால் அடுத்த நூல் எளிதாகிறது. தடுமாறும் குழந்தை வாசிப்பதைத் தவிர்க்கிறது. தவிர்ப்பதால் மேலும் பின்தங்குகிறது. இந்த இரட்டைச் சுழலை 1986இல் கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் விரிவாக விளக்கினார். இரண்டாம் வகுப்பில் சிறிதாகத் தெரியும் இடைவெளி ஐந்தாம் வகுப்பில் அறிவியலிலும் கணக்கிலும் சேர்ந்து தெரிவது இதனால்தான்.

அதே 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவர் முன்வைத்த ஓர் எளிய கருத்து, உள்ளடக்கிய வகுப்பை நடத்த விரும்பும் ஆசிரியருக்கு இன்றும் சிறந்த கைவிளக்கு. பொருளுணர்ந்து வாசித்தல் என்பது எழுத்தை ஒலியாக மாற்றும் திறன், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகை என்றார்கள். கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டில் எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், 'வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்' என்று ஒரே பெயரில் நாம் ஒதுக்கி வைக்கும் குழுவுக்குள் முற்றிலும் வேறுபட்ட குழந்தைகள் இருப்பது தெரியும். கதையைச் சொன்னால் கண்கள் மின்னக் கேட்டு, சொன்னதற்கு மேல் சொல்லும் குழந்தை, அதே கதையை எழுத்தில் கண்டால் முதல் வரியிலேயே நின்றுவிடும். இன்னொரு குழந்தை பக்கம் முழுவதையும் தெளிவாக வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும். முதல் குழந்தைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி தேவை; இரண்டாவதற்குப் பேச்சும் சொல்வளமும் உலகறிவும் தேவை. இருவரையும் ஒன்றாக அமர்த்தி, ஒரே பாடத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது இருவருக்குமே உதவாது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பெரும்பாலும் முதல் வகையினர். அது அறிவுத்திறனோடு தொடர்பில்லாத, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு. அதைச் சோம்பல் என்று எண்ணித் தண்டித்த தலைமுறைகளை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எந்தக் குழந்தைக்கு எது தேவை என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. குழந்தையின் பிழையே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தை அதைக் 'காடி' என்று வாசிக்கிறது. எழுத்துக்கு வலப்புறம் இருக்கும் துணைக்காலைப் பார்த்திருக்கிறது. இடப்புறம் இருக்கும் கொம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு குழந்தை 'கெடி' என்கிறது. அது கொம்பைப் பார்த்துவிட்டுக் காலை விட்டுவிட்டது. மூன்றாவது குழந்தை 'செடி' என்கிறது. ஒரு பச்சை இலைப் படத்தையும் 'டி' என்ற இறுதி எழுத்தையும் வைத்து ஊகித்திருக்கிறது. விடைத்தாளில் மூன்றுமே தவறு என்ற ஒரே குறியைப் பெறும். ஆனால் முதல் இரு குழந்தைகளுக்கும் வேண்டியது கொம்பும் காலும் ஒரே உயிர் ஒலியின் இரு பாதிகள் என்ற பத்து நிமிட விளக்கமும் பயிற்சியுமே. மூன்றாவது குழந்தைக்கோ, படத்தை மறைத்துவிட்டு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

தமிழ் எழுத்தின் அமைப்பு இங்கே தனிக் கவனம் கேட்கிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் என்று நாம் பெருமையாகச் சொல்வது, ஆறு வயதுக் குழந்தைக்கு மலைப்பைத் தரும் எண். 'கா', 'கி' என்பவற்றில் மெய்க்குப் பின்னோ மேலோ வரும் உயிர்க்குறி, 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது; ஒலிக்கும்போதோ பின்னால் ஒலிக்கிறது. 'கு', 'சு', 'து', 'மு' என்பவற்றில் ஒரே உகரம் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கன்னட எழுத்து பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் போன்ற மொழிகளில் எழுத்துகளைக் கற்க ஆகும் காலத்தைவிட இவ்வகை எழுத்துகளைக் கற்க நீண்ட காலம் ஆவதையும், தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள்வரை அந்தக் கற்றல் தொடர்வதையும் காட்டியது. ஆகவே முதல் வகுப்போடு எழுத்துகளை முடித்துவிட்டு, மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அவை தெரியும் என்று எடுத்துக்கொள்ளும்போது, பல குழந்தைகள் அந்த இடத்தில்தான் கைவிடப்படுகிறார்கள்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வெளிப்படையாகவும் படிப்படியாகவும் கற்பிப்பதே மிகவும் நியாயமான கற்பித்தல். புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளரும் குழந்தை, யாரும் விளக்காமலேயே பல விதிகளைத் தானாகக் கண்டுகொள்கிறது. ஆசிரியர் சொல்லாமல் விடுவதை வீடு சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட வீடு வாய்க்காத குழந்தைக்கு, ஆசிரியர் சொல்லாமல் விடும் ஒவ்வொன்றும் ஒரு பூட்டிய கதவு. 'ழ' கரத்தைச் சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று ஒரு வகுப்பில் காட்டினால், தெரிந்த குழந்தைக்கு அதனால் இழப்பில்லை. தெரியாத குழந்தைக்கு அது மட்டுமே வழி.

எழுத்துக்கு முன்னால் ஒலி இருக்கிறது. 1983இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் சுமார் 400 குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பள்ளிக்கு வருமுன்பே சொற்களின் ஒலி ஒற்றுமையை உணரும் திறன் பின்னாளைய வாசிப்போடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அவர்களுள் சிலருக்கு ஒலிகளை வகைப்படுத்தும் பயிற்சியை எழுத்துகளோடு இணைத்து அளித்தபோது வாசிப்பு மேம்பட்டது. வகுப்பில் இது விளையாட்டாகவே அமையலாம். 'பட்டம், பல்லி, மரம், பந்து' இவற்றில் சேராதது எது என்று கேட்கலாம். 'கடல்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ப' வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். எழுத்தே அறியாத குழந்தையும், பார்வையற்ற குழந்தையும் மற்றவர்களுக்குச் சமமாக நின்று விடை சொல்லக்கூடிய பாட வேளை இது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் இதே விளையாட்டு காது கேளாத குழந்தையை முழுமையாக வெளியே தள்ளிவிடும் என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறப்பதாக அமெரிக்கத் தரவுகள் காட்டுகின்றன. பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாததால், பலர் எந்த மொழியும் முழுமையாக வாய்க்காத நிலையில் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முதல் தேவை ஒரு முழுமையான மொழி. அந்த மொழியின் மீது நின்றுதான் எழுத்தைக் கட்ட முடியும். சைகையில் கதை சொல்லி, அதே கதையின் சொற்களை எழுத்திலும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம் கொண்ட விரலெழுத்திலும் காட்டும் வழி அவர்களுக்குப் பொருந்தும். பிரெய்ல் வேண்டிய குழந்தைக்கும் இதே நேர்மை தேவை. 1829இல் லூயி பிரெய்ல் வெளியிட்ட அந்த ஆறு புள்ளி முறையைக் கற்பிக்காமல், ஒலிப்பதிவைக் கேட்டாலே போதும் என்று விட்டுவிடுவது, பார்வையுள்ள குழந்தையிடம் உனக்கு எழுத்தே வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பானது. கேட்பவருக்குக் கதை கிடைக்கும். எழுத்துக்கூட்டும் பத்திப் பிரிப்பும் நிறுத்தக்குறியும் விரல்நுனியில் வாசிப்பவருக்கே கிடைக்கும்.

வீட்டு மொழி பற்றிய கேள்வி இதைவிட அகலமானது. தாய்மொழியில் எழுத்தறிவு தொடங்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953லேயே பரிந்துரைத்தது. ஆயினும் உலக மக்கள்தொகையில் 40 சதவீதம் வரை தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி பெற இயலாத நிலையில் இருப்பதாக 2016இல் அதே அமைப்பு தெரிவித்தது. தமிழுக்கு இதில் இன்னோர் அடுக்கும் உண்டு. வீட்டில் 'அவங்க வந்துட்டாங்க' என்று சொல்லும் குழந்தை, புத்தகத்தில் 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று காண்கிறது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் நிலையைச் சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்ற கருத்தால் விளக்கினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கும் பாடநூலின் மொழி ஓரளவு புது மொழியே. முதல் மாதங்களில் குழந்தை தன் பேச்சிலேயே சொல்லும் வாக்கியத்தை ஆசிரியர் அப்படியே பலகையில் எழுதி வாசிக்கவைத்து, பின்பு அதற்கு அருகில் எழுத்து வழக்கையும் எழுதிக் காட்டினால், தான் பேசுவதுதான் எழுத்தாகிறது என்ற உண்மை குழந்தைக்குப் பிடிபடும். அதை மறைத்துவிட்டு 'அப்படிச் சொல்லாதே' என்று மட்டும் திருத்தினால், குழந்தை பேசுவதையே நிறுத்திவிடும்.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசிக்கும் குழந்தையும் இங்கே நினைவுக்கு வருகிறது. தன் வீட்டாரும் தெருவாரும் அப்படியே ஒலிக்கும் குழந்தை அது. அது சரியான எழுத்தைப் பார்த்தது, சரியான பொருளை உணர்ந்தது, தன் நாவுக்குப் பழகிய ஒலியால் சொன்னது. அது வாசிப்புப் பிழை ஆகாது. உச்சரிப்பைத் தனியே, வேறொரு நேரத்தில் கற்பிக்கலாம். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தினால் பொருள் அறுந்துபோகும். இதற்கு நேர்மாறான நிலை வேற்று மொழி பேசும் வீட்டுக் குழந்தையுடையது. 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ் பேசி வளர்ந்த குழந்தை தெரிந்த சொல்லை வைத்து ஒலியைச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சொல்லே தெரியாத குழந்தைக்குச் சரிசெய்ய எதுவும் இல்லை. அதற்கு முதலில் சொல்லைப் பேச்சில் தந்துவிட்டுப் பிறகே எழுத்தில் காட்ட வேண்டும்.

இத்தனை வேறுபாடுகளையும் ஓர் ஆசிரியர் எப்படிச் சமாளிப்பார் என்ற கேள்வி நியாயமானது. முப்பது குழந்தைகளுக்கு முப்பது பாடத்திட்டம் எழுதச் சொல்வது கொடுமை. 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு வளர்த்தெடுத்த அணுகுமுறை வேறொரு வழியைக் காட்டுகிறது: பாடத்தைத் திட்டமிடும்போதே, அதற்குள் நுழையவும் கற்றதை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வைத்துவிடுவது. கதை ஒன்றே, ஆசிரியர் அதை முதலில் உரக்க வாசிக்கிறார், கடினமான ஐந்து சொற்களை வாசிப்பதற்கு முன்பே பொருளோடும் செய்கையோடும் அறிமுகப்படுத்துகிறார், பிறகு சிலர் முழுப் பக்கத்தையும், சிலர் பெரிய எழுத்தில் இடைவெளி விட்டு அச்சிட்ட அதே பக்கத்தையும், சிலர் அதிலிருந்து எடுத்த நான்கு வாக்கியங்களையும் வாசிக்கிறார்கள். கதையைப் பற்றிய உரையாடலில் அனைவரும் கலந்துகொள்கிறார்கள். இலக்கு குறைக்கப்படவில்லை, அதை எட்டும் வழி அகலமாகியிருக்கிறது. நான்காம் வகுப்புக் குழந்தைக்கு முதல் வகுப்புப் படப் புத்தகத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதையும் உள்ளடக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தன் வயதுக்குரிய கதையும் கருத்தும் மறுக்கப்படுகின்றன.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்களுக்குச் சான்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தை பார்த்துக் கற்கும், அந்தக் குழந்தை கேட்டுக் கற்கும் என்று பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்ற நம்பிக்கை பரவலானது. ஹெரால்டு பாஷ்லர் குழுவினர் 2008இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. டிஸ்லெக்சியாவுக்கென்று வடிவமைத்த சிறப்பு எழுத்துருக்களும் ஆய்வுகளில் பெரும்பாலும் பயன் தரவில்லை. மாறாக, எழுத்துகளுக்கு இடையே உள்ள இடத்தைச் சற்றுக் கூட்டுவது என்ற மிக எளிய மாற்றம், இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் 2012இல் நடத்திய ஆய்வில் உடனடிப் பயன் தந்தது. கொம்பைச் சிவப்பிலும் காலைப் பச்சையிலும் எழுதிக் காட்டுவது நல்ல உத்திதான். ஆனால் ஆண் குழந்தைகளில் சிலருக்கு அவ்விரு நிறங்களும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், நிறத்தோடு ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துவிட வேண்டும்.

வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை நான் நேரடியாகவே எதிர்க்கிறேன். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக் கொண்டிருக்கும் குழந்தை, பிறர் வாசிப்பதைக் கேட்பதில்லை; தன் பத்தியைத்தான் முன்கூட்டியே முணுமுணுத்துப் பார்க்கிறது. தடுமாறும் குழந்தை எல்லோர் முன்னும் அவமானப்படுகிறது. அதிகபட்சம் ஒரு நிமிடம் வாசித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கிறது. இதற்கு மாற்றாக, டக்ளஸ், லின் ஃபக்ஸ் இணையர் உருவாக்கிய இணை வாசிப்பு முறையில், சற்று நன்றாக வாசிப்பவர் முதலில் ஒரு பகுதியை வாசிக்க, மற்றவர் அதே பகுதியைத் திரும்ப வாசிக்கிறார். தவறினால் இணையாளர் நிறுத்தி உதவுகிறார். பிறகு பாத்திரம் மாறுகிறது. முதலில் கேட்ட பகுதியையே வாசிப்பதால் தடுமாற்றம் குறைகிறது. வகுப்பில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். கேட்பது ஒரே ஒரு தோழர் என்பதால் கூச்சமும் குறைகிறது.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரமும் ஒரு கற்பித்தல் கருவிதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடியே காத்திருப்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் பதிவுசெய்தார். அதை மூன்று நொடிகளாக்கியபோது விடைகள் நீண்டன. மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள். வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு மனத்துள் மாற்றிக்கொண்டு பேச வேண்டிய குழந்தைக்கு அந்த இரண்டு கூடுதல் நொடிகள் எவ்வளவு பெரியவை!

எழுத்துப் பணியில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு வாங்கும் குழந்தையிடம் எண்ணம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பென்சில் பிடிக்கக் கை ஒத்துழைக்காத குழந்தை, எழுத்து அட்டைகளை அடுக்கியோ வாயால் சொல்லி எழுதவைத்தோ கதை படைக்கலாம். தேர்விலும் இதே தெளிவு வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பதைச் சோதிப்பது நோக்கமானால் குழந்தையே வாசிக்க வேண்டும். கதையின் பொருளை உணர்ந்ததா என்பது நோக்கமானால், கேள்வியை வாசித்துக் காட்டுவதிலோ விடையை வாய்மொழியாகப் பெறுவதிலோ சலுகை எதுவும் இல்லை. அளக்க விரும்பியதை அளப்பது அவ்வளவே.

மூன்றாம் வரிசைச் சிறுவனின் மதிப்பெண் அட்டையில் 'வாசிப்பு: முன்னேற்றம் தேவை' என்று எழுதலாம்; அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்பிக்க முடியாது. அன்று மாலை ஆசிரியர் அவனை அருகில் அமர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் செலவிட்ட பின், குறிப்பேட்டில் எழுதியது வேறு: 'மெய்யெழுத்துகளில் பதினொன்று தெரிகிறது. கால் தெரிகிறது, கொம்பு தெரியவில்லை. கேட்ட கதையை வரிசை மாறாமல் சொல்கிறான். சொற்களின் முதல் ஒலி விளையாட்டில் அவன்தான் முதல். நாளை: கெ, தெ, பெ, காலைக் கூட்டத்திற்கு முன் பத்து நிமிடம், இணை வாசிப்பில் ஜன்னல் ஓரம்.'